பாதியில் நிற்கும் மங்களம்

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை ஷாலினி நம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடினாள். நீ கூடத்தில் கிள்ளான் கல்யாண மண்டபத்துக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் கைகழுவிவிட்டு வந்தவன் நடைவழியில் நின்றுவிட்டேன். உன் அம்மா பாடிக்கொண்டிருந்தாள். இறந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்ட உன் அம்மா. மங்களம். ஏறும் இடத்தில் குரல் ஏறியது, மூச்சு வாங்கும் இடத்தில் வாங்கியது. இரண்டாவது வரியைத் தொடுவதற்கு முன் அவளுக்கு மட்டுமே உரிய அந்தச் சிறு தயக்கம்கூட இருந்தது. பிறகு, மூன்றாவது வரியில், ஒரு சொல்லின் நடுவில் பாட்டு நின்றது. கத்தி நிற்கவில்லை. வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மீதிச் சொல்லுக்காக நான் ஈரக் கையோடு காத்திருந்தேன். அது வரவில்லை. கொஞ்சம் கழித்து அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

உள்ளே போய், “ஏம்மா அங்கேயே நிறுத்திட்ட?” என்று கேட்டேன்.

“எங்க மாமா?” என்றாள். நிச்சயம் ஆகும் வரை அவளுக்கு நான் அங்கிள். இப்போது மாமா, அந்தச் சொல் அவள் வாயில் இன்னும் புதுச் செருப்பு மாதிரி இருக்கிறது. “நமக்குக் கெடச்சதே அவ்வளவுதானே மாமா. நெட்ல அதோட முடிஞ்சிரும். ஸ்கூல் படிக்கிறப்பலேர்ந்து மிச்சத்தைத் தேடுறேன், எங்கயும் கெடைக்கல லா.” சிரித்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டாள். “எனக்கு இந்தச் சுருதி கொஞ்சம் மேல மாமா. தொடர்ந்து பாடினா வலிக்கும். கதிருக்கு இப்படிப் பாடினாத்தான் பிடிக்கும்.”

அந்த நேரத்தில்தான் நீ வந்து எட்டிப் பார்த்தாய். “அப்பா, ஸ்பீக்கரெல்லாம் ஓக்கே சொல்லிட்டாங்க. தாலி கட்டி முடிச்சதும் அம்மாவோட மங்களம். என் போன்லேர்ந்தே போட்டுடலாம்.” உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் தலையாட்டிவிட்டேன். நேரில் சொல்லத் தொடங்கினால் நீ சமாதானம் சொல்வாய், நானும் சரி என்று எழுந்துவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் இடையில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உன் போனில் இருப்பது உன் அம்மாவின் குரல் இல்லை. அவளுடையதுதான், ஆனால் அவள் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் நம் கடை எப்படி இருந்தது என்பது உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். முன்பக்கம் முழுக்க சினிமாப் பாட்டு. வாடகை அதிலிருந்து வந்தது. பின்சுவரில் ஒரு அலமாரி கர்நாடக சங்கீதம். அந்த அலமாரிக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர், பிடிவாதக்காரர்கள். அவர்களிடம் ஒரு இசைத்தட்டை விற்பதற்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. உறையைப் பிரித்து, கடையின் பாட்டுப் பெட்டியில் போட்டு, முதல் பாட்டைக் கேட்கவைத்துத்தான் கையில் கொடுப்போம். கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய வழக்கம். நாளாக ஆக அது வேறு ஏதோ ஆகிவிட்டது. வாங்குகிறவர் கண்ணை மூடி நிற்பார். முன்பக்கம் சினிமாப் பாட்டுக் கேட்கிற பையன்கள்கூட கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒரு குரல் ஒரு வீட்டுக்குப் புறப்படுவதை நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம். எந்த வீட்டுக்குப் போகிறது என்றும் எனக்குத் தெரியும்.

அம்மாவின் பதிவும் அந்த அலமாரியில்தான் இருந்தது. கிள்ளானில் அவளுடைய பாட்டு டீச்சர் வீட்டு முன்னறையில் எடுத்தது. காற்றாடியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, ரயில் போகும்வரை காத்திருந்து, ரயில் போனதும் பாடி. உனக்கு அப்போது மூன்று வயது, கூட வாசித்த வயலின்காரரின் மனைவி மடியில் இருந்தாய். கடைசியில் பாடிய மங்களம் அந்த டீச்சர் தானே எழுதி மெட்டமைத்தது. அவர் வேறு யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, பிறகு அவரும் போய்விட்டார். அம்மா போன பிறகு நான் அந்தப் பதிவைச் சிடியாகப் போட்டேன். போட்டுக் கொடுத்தவர் கேட்டார்: “அண்ணே, பாட்டு முடிஞ்சப்புறம் பேச்சுச் சத்தம் வருது. வெட்டிடவா?” வேண்டாம், இருக்கட்டும் என்றேன். நீ ஏதோ கேட்கிறாய், அவள் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான். ஆனால் சிடி வாங்கிப்போனவர்கள் பல வருடங்கள் கழித்தும் கடைக்கு வந்து, “கடைசியில ஒரு பிள்ளை கேக்குதே, அவன் எப்படி இருக்கான், படிக்கிறானா?” என்று விசாரித்திருக்கிறார்கள். நீ உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய். உன்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

உனக்கு மட்டும் நான் சிடியைப் போட்டுக் காட்டவில்லை. உனக்கு அதற்கு முன்பே ஒரு கேசட் இருந்தது. பதிவு செய்த கையோடு வீட்டுக்கென்று நான் நகல் எடுத்தது. நாடா நீளம் போதவில்லை. மங்களத்தின் மூன்றாவது வரியில், ஒரு சொல்லின் நடுவில், தீர்ந்துவிட்டது. அதைப் போட்டுக் கேட்ட டேப் ரெக்கார்டர் கொஞ்சம் வேகமாக ஓடும். அதனால் குரல் அரைக் கட்டை மேலே போய்விடும். உனக்குப் பாட்டு வராது, அதனால் விளக்குகிறேன். கட்டை என்பது பாடுகிறவர் தன் குரலை ஊன்றி நிற்கும் இடம். அம்மா நின்ற இடம் ஐந்து கட்டை. அந்தப் பெட்டியில் அவள் ஐந்தரையில் நின்றாள். அரைக் கட்டை என்பது கேட்கச் சின்ன விஷயம். ஆனால் முகமே மாறிவிடும். குரல் மெலிந்து, இளைத்து, ஓரங்களில் மினுங்க ஆரம்பிக்கும். கல்யாணத்துக்கு முன்பு அவளை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால்கூட அவள் அவ்வளவு இளமையாக இருந்திருக்க மாட்டாள்.

அவள் போன பிறகு நீ அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கினாய். “அம்மா போடு” என்பாய். பாட்டுப் போடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சுங்கை வே பக்கம் இருந்த ஒரு ரிப்பேர்காரரிடம் அதைக் கொண்டுபோனேன். மோட்டாரில் ஒரு திருகைத் திருப்பிச் சரியான வேகத்துக்குக் கொண்டுவந்தார். வீட்டில் போட்டேன். அவளுடைய சொந்தக் குரல் அறையில் எழுந்தது. நீ என்னைப் பார்த்தாய், பெட்டியைப் பார்த்தாய், சுவர்ப் பக்கம் ஒதுங்கினாய். “இது அம்மா இல்ல. இது யாரு?” என்று அலறினாய். காய்ச்சல் வரும் அளவுக்கு அழுதாய். மறுநாள் அதே ரிப்பேர்காரரிடம் போனேன். “என்ன பாஸ், சரியாத்தானே பண்ணிக் கொடுத்தேன்?” என்றார். “பழையபடி ஆக்கிக் கொடுங்க” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திருகைத் திருப்பினார். உனக்கு ஒரு அம்மா திரும்பி வந்தாள். எனக்கு ஒருத்தி போனாள். அன்று எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. குழந்தை தூங்கியது, போதும்.

அந்தக் கேசட்டைத்தான் நீ பள்ளிக்கூடக் கடைசி வருடங்களில் அதே பெட்டியில் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றி இணையத்தில் போட்டாய். கடையில் உறைபிரிக்காத சிடிகள் அடுக்கி இருந்தன. உனக்கு அவை வியாபாரச் சாமான். கேசட்தான் அம்மா. “அப்பா, ஆஸ்திரேலியாலேர்ந்து ஒருத்தங்க எழுதியிருக்காங்கப்பா, அழுதுட்டாங்களாம்” என்று கல்லாவுக்கே ஓடிவந்து காட்டினாய். எனக்கும் கண் கலங்கியது. இலவசமாகக் கொடுத்துவிட்டானே என்று நான் கோபப்படவில்லை என்பதை நீ நம்ப வேண்டும். முன்பக்கத்துச் சினிமா வியாபாரம் அதற்கு முன்பே செத்துவிட்டது. பின்சுவர் அலமாரிதான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. உன்னால் அதற்கு இன்னும் கொஞ்சம் ஆள் வந்தார்கள் என்பதுதான் உண்மை. இணையத்தில் கேட்டுவிட்டு, நாடா தீர்ந்த இடத்தில் திகைத்து, முழுப் பாட்டும் வேண்டும் என்று தேடி வந்தவர்கள். சில மாதங்கள் அம்மாவின் சிடி நன்றாகவே போனது.

பிறகு திரும்பி வர ஆரம்பித்தது. பூச்சோங்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி. வாங்கிப்போன அடுத்த வாரமே உறையை மேசைமேல் வைத்தார்.

“அண்ணே, இது டூப்ளிகேட் லா.”

“இல்லக்கா. நானே போட்டது.”

“அப்ப மிஷின் கெட்டுப்போச்சு. ஸ்லோவா ஓடுது. எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு, பாட்டி பாடுற மாதிரி இருக்கேன்னு. அந்த நெட்ல பாடுறாங்களே, அந்தப் பொண்ணுதுதான் வேணும்.”

“அந்தப் பொண்ணுதாங்க்கா இது.”

“சும்மா விளையாடாதீங்க அண்ணே.”

நான் என் போனில் உன் பதிவையும் கடைப் பெட்டியில் சிடியையும் அடுத்தடுத்துப் போட்டேன். வழக்கம்போல நின்று கேட்டார். பிறகு போனைத் தொட்டுக் காட்டினார். “இதுதான் ஒரிஜினல்.” நீ அப்போது பக்கத்தில்தான் நின்றாய். அவர் போனதும், “சிடி அடிக்கிறப்பவே தப்பாயிருக்கும்ப்பா, விடுங்க” என்றாய். நான் சிடியை உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். சுவரோரம் ஒதுங்கி நின்ற அந்தக் குழந்தை இன்னும் உனக்குள் எங்கோ நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதன்பின் இன்னும் சிலர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு யாரும் வாங்கவே வரவில்லை. பழைய பிடிவாதக்காரர்கள்கூட, “நெட்ல இருக்கே அண்ணே” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அலமாரியைக் கழற்றினோம். அந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள்.

காசு போனதைப் பற்றி நான் எழுதவில்லை. விற்கப்பட்ட ஒன்றுக்குத் திரும்பி வர ஒரு வழி இருந்தது. கீறலோடு வரும், குறையோடு வரும், பொய் என்று திட்டிக்கொண்டு வரும், ஆனால் வரும். யார் பாடியது, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்க ஒரு மேசை இருந்தது. இலவசமாகப் போனது எதுவும் என்னிடம் திரும்பி வரவில்லை. அது போய்க்கொண்டே இருக்கிறது. நீ போட்டதை யாரோ எடுத்து வேறு பெயரில் போட்டார்கள். அதிலிருந்து இன்னொருவர். மழைச் சத்தம் சேர்த்து ஒன்று. குழந்தை தூங்குவதற்கு என்று ஒன்று. அம்மாவின் பெயர் எதிலும் இல்லை. ஒன்றில் அவள் இடத்தில் வேறு ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. கணினி வரைந்தது என்று நினைக்கிறேன். வீணையைப் பிடித்திருக்கும் கையில் விரல்கள் கூடுதலாக இருக்கின்றன. அந்த முகம் எங்கேயும் பிறக்காத முகம். அதன் வாயிலிருந்து என் மனைவி பாடுகிறாள்.

கிள்ளானில் ஒரு கோயில் ஒலிபெருக்கியில் அவளைக் கேட்டேன். ஒரு பல் மருத்துவரின் காத்திருக்கும் அறையில் கேட்டேன். சிவப்பு விளக்கில் நின்ற ஒரு லோரியின் சன்னலிலிருந்து கேட்டேன். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே கேட்டாலும் அதே சொல்லின் நடுவில் நிற்கிறது. ஒரு கணம் ஒன்றும் இருக்காது. அந்தக் கணத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிறகு முதல் பாட்டு தானாகத் தொடங்கும். கச்சேரியை மங்களத்தோடு முடிக்க வேண்டும். முடித்தால்தான் பாடியவர் எழுந்து வீட்டுக்குப் போக முடியும். அவள் எழுந்திருக்கவே இல்லை, கதிர்.

உனக்கும் ஷாலினிக்கும் எப்படிப் பழக்கம் ஆனது என்று எனக்குத் தெரியும். அவள் அந்தப் பதிவோடு சேர்ந்து பாடி ஒரு காணொளி போட்டாள். நீ அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு எழுதினாய். “அப்பா, அம்மா மாதிரியே ஒரு பொண்ணு பாடுதுப்பா” என்று என்னிடம் சொன்னாய். ஷாலினி நல்ல பெண். வெங்காயம் நறுக்கும்போது என்னை உட்காரச் சொல்கிறாள், உன் கோபத்தைக் கிண்டல் செய்கிறாள், கிள்ளானிலிருந்து ரயிலில் வரும்போது எனக்கென்று முறுக்கு வாங்கி வருகிறாள். இலவசமாகப் போன ஒன்று திரும்பி வந்தது என்றால் அவள் ஒருத்திதான் வந்திருக்கிறாள். ஆனால் அவள் சமையலறையில் நின்று பாடியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கேசட் பெட்டியின் திருகு தவறாகத் திரும்பியதால் உண்டான ஒரு குரல். எந்தத் தொண்டைக்கும் சொந்தமாக இல்லாமல் இருந்த குரல். அதற்கு இப்போது ஒரு தொண்டை கிடைத்துவிட்டது. அந்தத் தொண்டை வலிக்கிறது என்கிறாள்.

கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். நீ அவளைக் கல்யாணம் செய்கிறாயா, அந்தக் குரலையா? நீ இல்லாத நேரத்தில் அவள் எப்படிப் பாடுவாள் என்று உனக்குத் தெரியுமா? அவளுடைய கட்டை எது என்று கேட்டிருக்கிறாயா? ஒரு பெண் உனக்காக அரைக் கட்டை மேலே ஏறி நிற்கிறாள். இன்று அது உனக்குப் பிரியமாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க யாராலும் அங்கே நிற்க முடியாது. ஒரு நாள் களைத்துப்போய்த் தன் இடத்துக்கு இறங்குவாள். அன்றைக்கு நீ அவளைப் பார்த்து, இது யாரு என்று கேட்டுவிடக் கூடாது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கிளம்பிப்போனதும் நான் என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே சிடியை எடுத்துப் போட்டேன். கடையை மூடியதிலிருந்து கேட்கவில்லை. வெளியே நல்ல வெயில், கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிற சத்தம். பெட்டியிலிருந்து ஒரு பெண் பாடினாள். கனமான, களைத்த, வயதான குரல். எனக்கு அவளைத் தெரியவில்லை. எழுந்து நிறுத்தப் போனேன். பிறகு சுருதிப் பெட்டியை எடுத்து ஐந்து கட்டையில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகச் சேர்ந்தது. அவள்தான். அப்படியென்றால் இத்தனை வருடமாக நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேன்? என் நினைவில் அவள் காப்பி வேண்டுமா என்று கேட்பதுகூட ஐந்தரையில்தான் கேட்கிறது. உனக்காகத் திருப்பிய திருகு என்னையும் சேர்த்துத் திருப்பியிருக்கிறது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. மூன்றாவது பாட்டில் ஏதோ ஒரு இடத்தில், ஒரு இறக்கத்தில், அவள் என் பக்கம் திரும்பியது போல இருந்தது. அதன் பிறகு அவளாக இருந்தாள்.

அந்தச் சிடி இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. மண்டபத்தில் உன் போனைப் போடாதே. தாலி ஏறிய கையோடு மங்களம் பாதியில் அறுந்தால் கிள்ளான் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அவளை இன்னொரு தடவை அந்த இடத்தில் நிறுத்தி வைக்காதே. சிடியையும் அங்கே போட வேண்டாம். ஷாலினி இதிலிருந்து மீதி வரிகளைக் கற்றுக்கொள்ளட்டும். மண்டபத்தில் அவளே பாடட்டும், அவளுக்கு எந்தக் கட்டை சுகமோ அந்தக் கட்டையில், முடிவு வரை. அதைப் பதிவு செய்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுப்பதென்றால் கொடு. நான் தடுக்கமாட்டேன். யார் பாடியது, யாரிடம் கற்றது என்று மட்டும் எழுதிவிடு.

அதற்கு முன்பு நீ இதைக் கேள். ஷாலினி பக்கத்தில் இருக்கட்டும். முதலில் உனக்கு நிறுத்தத் தோன்றும். இந்தத் தடவை உனக்காக யாரும் திருகைத் திருப்ப மாட்டார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள். மங்களம் வரும். மூன்றாவது வரி வரும். நாடா தீர்ந்த இடத்தை அவள் சாதாரணமாகக் கடந்து போவாள். பாட்டு முடியும். பாய் சரசரக்கும், தூரத்தில் ரயில். ஒரு குழந்தை, “அம்மா, முடிஞ்சிருச்சா?” என்று கேட்கும். அது நீ. “முடிஞ்சிருச்சுடா தம்பி. இரு, வரேன்” என்பாள்.

அவள் பேசியதில் நம்மிடம் இருப்பது அவ்வளவுதான். அதற்குப் பின்னும் சில நொடிகள் தட்டு ஓடும். யாரும் வருவதில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் கதவுப் பக்கம் பார்த்திருக்கிறேன். நீ கதவைப் பார்க்காதே. அந்த நொடிகளுக்குள் ஷாலினி பக்கம் திரும்பி, அவளைப் பாடச் சொல். மங்களத்துக்குப் பிறகு பாடக் கூடாது என்பது கச்சேரிக்கு. வீட்டுக்கு அல்ல.

எந்தக் கட்டையில் எடுக்கிறாள் என்று மட்டும் எனக்கு வந்து சொல்.

அப்பா